களம் என்றால் போர்க்களம் மட்டும்தானா?

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் ஒரு விவாதம் நடத்தினேன். எங்கள் பள்ளி வாயிலை ஒட்டி, சாலை வளையும் இடத்தில், ஒரு பெரிய புளியமரம் நிற்கிறது. சாலையை அகலப்படுத்த அதை வெட்டப்போகிறார்கள் என்று ஊருக்குள் பேச்சு இருந்தது. ‘மரம் வேண்டுமா, சாலை வேண்டுமா?’ என்பதே தலைப்பு. பாடநூலில் இல்லாத, பிள்ளைகள் தினமும் கண்ணால் பார்க்கிற ஒன்றைப் பற்றிப் பேசட்டும் என்று நினைத்தேன். ஒரு மாணவி எழுந்து பேசும் வரை நன்றாகத்தான் போனது.

அவள் மரத்துக்காகப் பேச வேண்டியவள். நிழல், புளி, பறவைக் கூடுகள் என்று தாளில் எழுதி வைத்திருந்தாள். எழுந்தவள், “அவங்க சொன்னதுல ஒன்னு சரிதான் டீச்சர். அந்த வளைவுல பஸ் வர்றது தெரியாது. என் தம்பி போன மாசம் சைக்கிளோட விழப் பார்த்தான்” என்றாள். எதிர்ப்பக்கம் கைதட்டியது. அவளுடைய அணியிலிருந்தே ஒரு குரல் வந்தது: “துரோகி!” கூடவே இன்னொன்று: “கட்சி மாறிட்டாடா!” அவள் தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்று மதியம் சத்துணவு வாங்கிக்கொண்டு எப்போதும் சேர்ந்து உட்காரும் மூன்று பேரில் இரண்டு பேர் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள்.

துரோகி என்ற சொல் அந்தப் பையனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று யோசித்தபடியே கரும்பலகையைப் பார்த்தேன். ‘அணி – எதிரணி’ என்று என் கையெழுத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. முந்தின நாள் நான் கொடுத்த பயிற்சியும் நினைவுக்கு வந்தது. ‘விட்டுக்கொடுக்காம பேசணும்’, ‘அவங்க பாயின்டை உடைக்கணும்’, ‘கேள்விக்கணை தொடுங்க’. போர்க்களத்தை நானே போட்டுக் கொடுத்திருக்கிறேன். போரில் எதிரி சொல்வதை ஒப்புக்கொள்கிறவனுக்குத் துரோகி என்பதுதான் பெயர். பையனின் தர்க்கத்தில் பிழை இல்லை. கேட்டு, யோசித்து, கருத்தை மாற்றிக்கொள்வதற்காகத்தான் விவாதம் வைத்தேன். அதைச் செய்த ஒரே பிள்ளைக்கு அந்தப் பெயர் கிடைத்தது.

அடுத்த வாரம் இரண்டு பாடவேளைகளை இதற்கென்றே ஒதுக்கினேன். பழைய நாளிதழ்களைக் குழுவுக்கு இரண்டாகக் கொடுத்து, போர் தொடர்பான சொற்களுக்கு அடிக்கோடு போடச் சொன்னேன். போர்ச் செய்தி வந்த பக்கங்களை முன்பே எடுத்துவிட்டேன். இருந்தும் கரும்பலகை நிறைந்தது. வேட்பாளர்கள் களமிறங்குகிறார்கள். கட்சிகள் வியூகம் வகுக்கின்றன. மும்முனைப் போட்டி. கோட்டையில் ஓட்டை. ஒரு தலைவர் ‘கடும் தாக்கு’, இன்னொருவர் ‘பதிலடி’. அலுவலகம் முற்றுகை. விளையாட்டுப் பக்கத்தில் ஓர் அணி மற்றோர் அணியைப் பழிதீர்த்தது. வணிகப் பக்கத்தில் விலை யுத்தம். வேளாண்மைப் பக்கத்தில் பயிரின் மீது பூச்சித் தாக்குதல். ஒரு குழு ‘துருப்புச்சீட்டு’ என்பதையும் எழுதியது. அது சீட்டாட்டத்திலிருந்து வந்த சொல் என்று சொல்லி அழித்தோம். ‘மழை வெளுத்து வாங்கியது’ என்பதை எழுதிய குழுவுக்கு, துணி வெளுக்கும் கல்லில் பிறந்த தொடர் அது என்று விளக்கினேன். இந்த இரண்டு தவறுகளும் எனக்குப் பிடித்திருந்தன. எந்த உருவகம் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கும் வேலையே அங்கேதான் தொடங்கியது.

பிறகு, “நாம் பேசுவதில் இருக்கிறதா?” என்று கேட்டேன். ‘இல்லை’ என்றார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், “கணக்குல ரெண்டு மார்க் கோட்டை விட்டுட்டேன்னு நேத்துதான் சொன்னேன் டீச்சர்” என்றான். அதன்பின் மடை திறந்துகொண்டது. புறமுதுகு காட்டுவது, வெள்ளைக்கொடி காட்டுவது, படையெடுத்து வந்த விருந்தாளிகள், அம்மாவின் ‘பிரம்மாஸ்திரம்’. ஆசிரியர் அறையும் தப்பவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் நாம் சொல்லும் ‘டார்கெட்’ ஆங்கிலத்தில் முதலில் சிறு கேடயத்தைக் குறித்த சொல். தடுக்கப் பிடித்த பொருளின் பெயரே பின்னர் குறிபார்த்து அடிக்கும் இலக்குக்கு ஆகிவிட்டது. ‘ஸ்ட்ராட்டஜி’க்கு மூலம் படைத்தலைவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ‘ஸ்லோகன்’ ஸ்காட்லாந்து மலைக்குடிகளின் போர்முழக்கம்.

உருவகம் என்பதை நாம் பெரும்பாலும் அணியிலக்கணத்தில் நிறுத்திவிடுகிறோம். உவமை, உருவகம், வேறுபாடு, எடுத்துக்காட்டு, மதிப்பெண் இரண்டு. பி.எட். படித்த நாளில் நானும் அப்படித்தான் பாடக்குறிப்பு எழுதினேன். 1980இல் ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் சேர்ந்து எழுதிய ஒரு நூல் இந்த எல்லையைத் தாண்டியது. உருவகம் செய்யுளுக்குப் பூட்டும் நகை மட்டுமல்ல, நாம் சிந்திக்கும் வழியே அதுதான் என்பது அவர்களின் வாதம். அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் சான்றே ‘வாதம் என்பது போர்’ என்பதுதான். வாதத்தைப் போர் என்று பேசுகிறோம் என்பதோடு நிற்கவில்லை; அதில் உண்மையாகவே வெல்கிறோம், தோற்கிறோம், எதிரில் இருப்பவரை எதிரியாகவே பார்க்கிறோம் என்றார்கள். வாதத்தை நடனமாகக் கருதும் ஒரு பண்பாடு இருந்தால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்க்கவும் சொன்னார்கள்.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 2011இல் தீபோடோ, போரோடிட்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கற்பனை நகரின் குற்றங்களைப் பற்றி ஒரு பத்தியைப் படிக்கக் கொடுத்தார்கள். புள்ளிவிவரம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஒரு பகுதியினருக்குக் குற்றம் நகரைக் குதறும் விலங்கு என்றும், மறு பகுதியினருக்கு நகரைத் தொற்றிய கிருமி என்றும் எழுதியிருந்தது. விலங்கு என்று படித்தவர்கள் பிடி, சிறையில் அடை என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். கிருமி என்று படித்தவர்கள் காரணத்தைக் கண்டுபிடி, நிலைமையைச் சீர்செய் என்ற பக்கம் சாய்ந்தார்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் புள்ளிவிவரத்தைத்தான் காட்டினார்கள். பின்னால் இதே சோதனையைத் திரும்பச் செய்த வேறு ஆய்வாளர்களுக்கு இவ்வளவு தெளிவான முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நானும் ஒரு சிறு சோதனை செய்தேன். எங்கள் ஊர்க் குளத்தில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது. வகுப்பில் பாதிப் பேருக்கு ‘ஆகாயத்தாமரை குளத்தின் மீது படையெடுத்துவிட்டது’ என்று தொடங்கும் தாளும், மறுபாதிக்கு ‘நம் குளத்துக்கு உடம்பு சரியில்லை’ என்று தொடங்கும் தாளும் கொடுத்து, என்ன செய்யலாம் என்று எழுதச் சொன்னேன். முதல் பாதியில் ஜேசிபியும் மருந்தடிப்பதும் அதிகம் வந்தன. இரண்டாம் பாதியில் ‘சாக்கடைத் தண்ணி குளத்துல கலக்குது, அதை நிறுத்தணும்’ என்று சிலர் எழுதினார்கள். ஒரு வகுப்பை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் இரண்டு தாள்களையும் மாற்றிக் கொடுத்துப் படிக்கச் சொன்னபோது பிள்ளைகள் முகத்தில் தெரிந்த வியப்பு நிஜம். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு பாடவேளையும் இரண்டு வகைத் தாளும் போதும்.

மேல்வகுப்புக்கு எடுத்துச் செல்கிறவர்களுக்கு அரசியலிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1964 ஜனவரி 8 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் வறுமையின் மீது நிபந்தனையற்ற போர் அறிவித்தார். முதியோருக்கும் ஏழைகளுக்கும் மருத்துவ வசதி, ஏழைக் குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வி என்று பெரிய திட்டங்கள் வந்தன. அந்தச் சொல்லுக்கு அப்போது வேகம் இருந்தது. பணம் ஒதுக்க வைத்தது. 1964இல் 19 விழுக்காடாக இருந்த வறுமை 1973இல் 11 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. பிறகு சற்று ஏறியது. 1988இல் இன்னொரு குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரீகன், அரசு வறுமையின் மீது போர் தொடுத்தது, வறுமைதான் வென்றது என்று நாடாளுமன்றத்தில் பேசினார். கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் 19 என்பது 11 ஆனது எங்கே போனது? போரில் வெற்றி உண்டு, தோல்வி உண்டு. குறைந்தது என்று ஒன்று இல்லை. திட்டத்தைத் தொடங்க உதவிய உருவகமே அதை முடித்துக்கட்டவும் கைகொடுத்தது.

இதை வாசிக்கும்போது எனக்கு அமெரிக்கா நினைவுக்கு வரவில்லை. காலாண்டில் 12 வாங்கி, அரையாண்டில் 28 வாங்கிய ஒரு பையன் நினைவுக்கு வந்தான். நாம் அவனுக்குச் சொன்ன சொல் இரண்டு முறையும் ஒன்றுதான்: ஃபெயில். வீட்டில் அதைத் தோல்வி என்று மொழிபெயர்த்துக்கொண்டிருப்பார்கள்.

2020 நமக்கெல்லாம் நினைவிருக்கும். மார்ச் 16 அன்று பிரான்ஸ் அதிபர் மக்ரோன் நாம் போரில் இருக்கிறோம் என்று ஒரே உரையில் திரும்பத் திரும்பச் சொன்னார். நம் நாட்டில் 21 நாள் ஊரடங்கு தொடங்கியபோது, மகாபாரதப் போர் 18 நாளில் வெல்லப்பட்டது, கொரோனாவுக்கு எதிரான போருக்கு 21 நாள் என்று பிரதமர் பேசினார். ஏப்ரலில் ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் ஸ்டைன்மையர் மட்டும் வேறு மாதிரிப் பேசினார்: இது போர் அல்ல, நாட்டுக்கு எதிராக நாடோ வீரருக்கு எதிராக வீரரோ நிற்கவில்லை, இது நம் மனிதத்தன்மைக்கு வந்த சோதனை என்றார். தமிழில் ‘முன்களப் பணியாளர்’ என்ற சொல் பிறந்தது. மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் எல்லாருக்கும் அது மரியாதை தந்தது. அதே ஏப்ரலில்தான் சென்னையில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. உருவகம் கல்லெறிந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எறிந்தது பயம். ஆனால் எதிரி என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், கண்ணுக்குத் தெரியாத கிருமியை எறிய முடியாத கல் கண்ணுக்குத் தெரியும் மனிதர் மேல் விழுவது எளிதாகிவிடுகிறது.

என் அக்காவுக்குப் புற்றுநோய் வந்தபோது பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ‘நீ போராடி ஜெயிச்சு வருவே’ என்றார்கள். நானும் சொன்னேன். ஒரு நாள் அவள், “நான் கையில ஊசியை மாட்டிக்கிட்டு மல்லாந்து படுத்திருக்கேன். யாரோட போராடுறேன்? நாளைக்கு மருந்து கேக்கலைன்னா நான் சரியா சண்டை போடலைன்னு சொல்வீங்களா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. சூசன் சான்டாக் என்ற அமெரிக்க எழுத்தாளர், தாமே மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பின், 1978இல் இதைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியிருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது. நோயை நோயாகப் பேசுங்கள், அதன் மேல் போர்ச் சொற்களைச் சுமத்தாதீர்கள் என்பது அவர் பக்கம். அக்கா இப்போது நலமாக இருக்கிறாள். ‘ஜெயிச்சுட்டே’ என்று யாராவது சொன்னால், “மருந்து கேட்டுச்சு” என்கிறாள்.

அப்படியானால் போர்ச் சொற்களையே விலக்கிவிடுவதா? எனக்கு உடன்பாடில்லை. 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி தலைமையில் உப்பெடுக்க நடந்தவர்களுக்கு, ஆயுதம் இல்லாத ஒரு போரைப் பற்றித்தான் நாமக்கல் கவிஞர் பாட்டெழுதிக் கொடுத்தார். போர் என்ற சொல்லை எடுத்து அதன் வயிற்றிலிருந்த ஆயுதத்தைப் பிடுங்கிவிட்ட உருவகம் அது. அதை மென்மையாக்கி ‘உப்புக் கோரிக்கை நடை’ என்று சொன்னால் யார் நடந்திருப்பார்கள்? உரிமை மறுக்கப்பட்டவர்களுக்குப் போராட்டம் என்ற சொல் தேவைப்படுகிறது. எந்த இடத்தில் தேவை, எந்த இடத்தில் பழக்கத்தால் வருகிறது என்று பிரிக்கத் தெரிவதுதான் பிள்ளைகளுக்கு வேண்டும்.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இங்கே ஒரு வசதி உண்டு. தேர்தல் முடிவு நாளில் எல்லா நாளிதழும் ‘வாகை சூடினார்’ என்று போடும். அந்த வாகை, தொல்காப்பியர் சொல்லும் ஏழு புறத்திணைகளில் ஒன்று. ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மண்ணாசையால் படையெடுத்தால் வஞ்சி, மதிலை வளைத்தால் உழிஞை, நேருக்கு நேர் நின்றால் தும்பை என்று பூவின் பெயர்கள் வரிசையாக வரும். வாகை வெற்றி. ஆனால் தொல்காப்பியர் தரும் விளக்கம் போர் வெற்றியோடு நிற்கவில்லை. அவரவர் தத்தம் துறையில் குற்றமின்றி மேம்பட்டு விளங்குவதே வாகை. படிப்பவர், உழுபவர், தவம் செய்பவர் எல்லாருக்கும் அதில் இடமிருக்கிறது. யாரையும் தோற்கடிக்காமல் வாகை சூடலாம் என்பது நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. அரையாண்டில் 28 எடுத்தவன் வாகைத்திணைதான் என்று நான் வகுப்பில் சொன்னேன்.

அதே வாகைத்திணையில் உழவரின் களவழியையும் வீரரின் களவழியையும் தொல்காப்பியர் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். களம் என்பது நெல்லடிக்கும் களமும்தான். புறநானூற்றில் போர்க்களத்தை ஏர்க்களமாக உருவகிக்கும் பாடல்கள் உண்டு. களவழி என்றே தலைப்பு வைத்துக் களவழி நாற்பது இருக்கிறது. வள்ளுவரும் பகைத்திறம் தெரிதல் அதிகாரத்தில் வீரரை வில்லால் உழும் உழவர் என்றும், அறிவுடையோரைச் சொல்லால் உழும் உழவர் என்றும் சொல்கிறார். பழைய புலவர்கள் போரைச் சொல்ல உழவைக் கடன் வாங்கினார்கள். நாம் உழவைச் சொல்லவும் போரைக் கடன் வாங்குகிறோம்.

‘போர்’ என்று கரும்பலகையில் எழுதி என்ன பொருள் என்று கேட்டேன். ‘சண்டை’ என்றார்கள். ‘எங்க வயல்ல போர் போட்டிருக்கோம்’ என்றான் ஒருவன், ஆழ்துளைக் கிணறு. ‘செம போர்’ என்று மெதுவாக ஒரு குரல். அது என் பாடத்தைப் பற்றியது. வைக்கோற்போர் என்று சொன்ன பிள்ளை ஒன்றே ஒன்று. அறுவடை இயந்திரம் வந்தபின் மாடு கட்டிப் போரடிப்பதை இவர்கள் பார்த்ததில்லை. உலர்களம் மட்டும் தெரியும். ஒரு மாணவனின் தாத்தாவை அழைத்து வந்து சொல்லச் சொன்னோம். கதிரை அறுத்துக் கட்டுக்கட்டாகக் களத்துக்குக் கொண்டுவருவது, தாளடிப்பது, பிணையல் மாடுகளைச் சுற்றி ஓட்டுவது, வைக்கோலை உதறுவது, காற்று வரும் திசை பார்த்து முறத்தால் தூற்றுவது. பதர் பறக்கும், மணி காலடியில் விழும். “யாரு வயல் நெல்லா இருந்தாலும் காத்துக்கு ஒன்னுதான்” என்றார் தாத்தா. தூற்றுவது என்றால் திட்டுவது என்றுதான் தெரியும் என்றாள் ஒரு மாணவி. இரண்டுக்கும் ஒரே சொல்தான். பதரை விட்டுவிட்டு ஆளைத் தூற்றத் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைத் தொலைக்காட்சி விவாதங்களில் அவர்களே பார்த்திருக்கிறார்கள்.

புளியமர விவாதத்தை மறுபடி நடத்தினோம், இந்த முறை ஏர்க்களமாக. அணிகள் உண்டு, எதிரணி என்ற சொல் இல்லை. இரு பக்கமும் தங்கள் கதிர்க்கட்டைக் கொண்டுவந்து கரும்பலகையில் இறக்க வேண்டும். பேசுகிறவர் முதலில் அடுத்த பக்கம் சொன்னதில் ஒன்றை, அவர்களே ‘ஆமாம்’ என்னும்படி எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் தன் கருத்தைச் சொல்லலாம். பிறகு எல்லாருமாகச் சேர்ந்து தூற்றுவது. ‘மரம் இருந்தால்தான் மழை வரும்’ என்பது ஒரு மரத்துக்குப் பொருந்தாது என்று பறந்தது. ‘மரத்தை வெட்டினால் விபத்தே நடக்காது’ என்பதும் பறந்தது. வளைவு அப்படியேதானே இருக்கும்? வளைவில் பேருந்து தெரியவில்லை என்பது மணியாக நின்றது. முன்பு துரோகி எனப்பட்டவள் சொன்னது அதுதான். அதை யாரும் அவளிடம் எடுத்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எல்லாம் சிறப்பாக நடந்தது என்று எழுத மாட்டேன். நேரம் இரண்டு மடங்கு ஆனது. வழக்கமாக நன்றாகப் பேசும் பையன் ஒருவன் கடைசியில், “யாரு டீச்சர் ஜெயிச்சா? போர் இல்லைன்னா போரடிக்குது” என்றான். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. பிள்ளைகளை எழுப்பி உட்கார வைக்கும் சூடு போட்டியில் உண்டு. ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றம் வேண்டும், அதில் கைதட்டலும் வேண்டும். அதை நான் நிறுத்தப்போவதில்லை. தினசரி வகுப்பில்தான் எப்போதாவது களத்தை மாற்றிப் போடுகிறேன். நம் வகுப்பறைச் சொற்களில் இதற்கு ஏற்கெனவே இடம் இருக்கிறது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர் வைத்தவர்கள், மெல்ல மலரும் மாணவர் என்று சொல்லத் தொடங்கியவர்கள் இந்த வேலையை எனக்கு முன்பே செய்துவிட்டார்கள்.

களத்தில் மிஞ்சிய மணிகளை வைத்துப் பிள்ளைகள் ஒரு கடிதம் எழுதினார்கள். வளைவில் குவி ஆடி ஒன்று வைக்க வேண்டும், பள்ளிக்கு முன் வேகத்தடை வேண்டும், மரத்தை விட்டுவைத்துச் சாலையை எதிர்ப்புறம் அகலப்படுத்த முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள். கடிதத்தின் கடைசி வரியில் ஒருவன், ‘மரத்தை வெட்ட வந்தால் நாங்கள் போராடுவோம்’ என்று சேர்த்திருந்தான். அந்தச் சொல் இருக்கட்டுமா, வேண்டாமா என்று அரை மணி நேரம் பேசினார்கள். ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்று மாற்றலாம் என்றது ஒரு பக்கம். ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்றால் படிக்கவே மாட்டார்கள் என்றது இன்னொரு பக்கம். கருத்துக் கேட்டபோது நான் வாய் திறக்கவில்லை. கைதூக்கி எண்ணிப் பார்த்து, இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிறகு மாற்றிக் கை தூக்கியவர்கள் நான்கு பேர். அவர்களை யாரும் எதுவும் சொல்லவில்லை. கடிதம் அந்தச் சொல்லோடுதான் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை, மரம் நிற்கிறது.